காந்தம் வந்த திகதிகள்

கதிரவெளி,
2005 பெப்ரவரி 20

என் அன்புத் தோழி றொஷெலுக்கு,

நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். கடல் வந்த அன்று அப்பா கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தார். இனி அவரைத் தேடவேண்டாமென்று நேற்று அம்மாவே சொல்லிவிட்டா. டவுனில் உன் அம்மா புளோறன்ஸ் அன்ரி தப்பியது கேட்டு நிம்மதி.

கூடாரத்தில் இருக்கிறோம். சோற்றில் மணல், பாயில் மணல், இந்தத் தாளிலும் மணல். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்க ஒரு பொருளும் மிஞ்சவில்லை. உடைந்த ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தைக் கரையில் இழுத்துக் காட்டினேன். கறுமணல் மயிர்போல எழும்பி ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

நீ கேட்ட பட்டச் சான்றிதழ் இத்துடன். நனைந்ததைக் காயவைத்தேன், குறை நினைக்காதே. உன் பேராசிரியர் என்னை எடுப்பாரா? என்னால் இந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாதடி.

உன் தக்சிகா

ஜெர்மனி,
2006 மே 14

தக்சிக் குஞ்சுக்கு,

உன் கடிதம் ஒன்பதாம் திகதி வந்தது. அறைக்குக் கொண்டுபோகப் பொறுமையில்லாமல், எப்போதும்போல ஆய்வுகூட மேசையிலேயே பிரித்தேன். மடிப்பைத் திறந்தால் உங்கள் முற்றம் பாதி மேசையில் கொட்டுகிறது!

என் வேலையைக் கேட்டிருந்தாய். நாக ஒட்சைட்டு (ZnO) என்ற குறைகடத்தியோடு கொஞ்சம் குரோமியம் சேர்த்து, தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்திலொரு பங்குக்குப் படலமாகப் படியவைக்கிறோம். அது காந்தமாக நியாயமில்லை. ஆனாலும் சில படலங்கள் இரும்பைப்போல அயக்காந்தம் காட்டுகின்றன. எங்கிருந்து வருகிறது? ஒட்சிசன் விடுபட்ட இடங்கள்தான் காரணம் என்கிறார்கள் சிலர். குரோமியமே காரணம் என்கிறார் எங்கள் பேராசிரியர். அதை நிறுவினால் திட்டம் மூன்று வருடம் நீளும். இன்னொரு மாணவருக்கும் இடம் வரும். அந்த இடம் உனக்கென்று வாக்குத் தந்திருக்கிறார்.

குரோமிய அளவு, அளந்த திகதி, காந்தம் என்று படலங்களின் பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்கு ஒழுங்கு பிடிபடவில்லை. கம்பஸில் படிக்கும்போது என் பிழைகளையெல்லாம் நீதானே பிடிப்பாய்!

முத்தங்களுடன்,
றொஷெல்

கதிரவெளி,
2006 டிசம்பர் 2

அன்பு றொஷெல்,

சண்டை தொடங்கிப் பாதை மூடி நாலு மாதம். இதைச் செஞ்சிலுவைக்காரரிடம் கொடுக்கிறேன். வெளியே போகவும் விடுகிறார்கள் இல்லை, செல் விழுந்து வெடிக்காத நாளும் இல்லை. பங்கருக்குள் இருந்து உன் பட்டியலை மனப்பாடமே செய்துவிட்டேன். "மகள், அந்தப் புள்ள உன்ன எப்ப எடுக்கும்?" என்று அம்மா தினமும் கேட்கிறா.

உன்னை நெருக்கவில்லையடி. எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

தக்சி

குருக்கள்மடம் முகாம்,
2007 ஏப்ரல் 3

றொஷெல்,

காட்டு வழியாக நடந்து வெளியே வந்தோம். இங்கே வாசலைத் தாண்டவும் அனுமதி கேட்கவேண்டும். உன் கடிதம் முகாமுக்கு வந்தது. "நாலு மாதம் ஒரு படலமும் காந்தமாகவில்லை. உன் கடிதம் வந்த கிழமை மறுபடி வந்தது. நீ ராசிக்காரி" என்று எழுதியிருந்தாய். வாசித்ததும் உன் பழைய கடிதங்களை எடுத்து விரித்தேன்.

வரும்போது சுமந்து வந்தது உன் கடிதங்களைத்தான். என் கடிதம் கிடைத்த திகதியை நீ ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கிறாய். பட்டியலோடு ஒத்துப் பார்த்தேன். காந்தம் காட்டிய ஏழு படலங்களும் அதற்கு மறுநாளோ, அதற்கடுத்த நாளோ அளந்தவை. குரோமியம் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றுதான். அது குரோமியமில்லை, றொஷெல், எங்கள் கறுமணல். படலத்தில் ஒரு துகள் ஒட்டினாலே போதும். துடைத்துவிட்டு மறுபடி அளந்து பார்.

இதை எழுதி நாலு நாள் வைத்திருந்தேன். "சொல்லாம உட்டா ஆருக்குத் தெரியும்? நீ அங்க போய்ச் சேந்தாக் காணும்" என்றா அம்மா. எனக்கும் அந்த ஆசை வந்தது, மறைக்கமாட்டேன். ஆனால் பிழையென்று தெரிந்துகொண்டு எப்படி உன் பக்கத்தில் வந்து நிற்பது? எனக்கு வேறு வழி ஏதாவது பார். உடனே பதில் போடு.

உன் தக்சிகா

ஜெர்மனி,
2009 ஜூன் 7

என் தக்சிக்கு,

சண்டை முடிந்ததை டீவியில் பார்த்தேன். இரண்டு வருடம் பதில் போடாதவளைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே துடைத்து அளந்தேன். ஏழிலும் காந்தம் போய்விட்டது. பேராசிரியரிடம் சொல்லவில்லை. கட்டுரை வெளிவந்தது, திட்டமும் நீண்டது. உன் இடம் வந்தபோது, நீ வர விரும்பவில்லையென்று நானே சொன்னேன். உண்மை தெரிந்த ஒருத்தியைத் தினமும் அந்த மேசைக்கு முன்னால் பார்க்க எனக்குத் துணிவில்லை.

இப்போது வேறொரு ஆய்வுகூடத்தார் அதே படலத்தைச் செய்து அளந்தும் எங்கள் முடிவு தங்களுக்கு வரவில்லை என்கிறார்கள். நான் அகப்பட்டுவிட்டேன் தக்சி. சொல்லவும் வழியில்லை, விட்டுப்போகவும் வழியில்லை. அந்தப் பட்டியல் இருந்தால் எரித்துவிடு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

உன் றொஷெல்

கதிரவெளி,
2009 ஜூலை 19

றொஷெலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா முகாமிலேயே காய்ச்சலில் போய்விட்டா. தபால்காரரைக் கண்டால் "அந்தப் புள்ளட கடுதாசியா?" என்று கடைசிவரை கேட்டா. நான் அதே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன்.

பட்டியலை எரிக்கவில்லை. இத்துடன் அனுப்புகிறேன். பிரதி எடுக்கவில்லை. என்ன செய்வதென்று நீயே முடிவுசெய்.

கை கழுவிவிட்டு, பள்ளிக்கூடத்துச் சீமெந்து அறைக்குள் இருந்து இதை எழுதினேன். தாளையும் உறையையும் ஸ்பீக்கர் காந்தத்தால் தடவிப் பார்த்துவிட்டேன். ஒரு துகளும் இல்லை. நீ பயமில்லாமல் அந்த மேசையிலேயே பிரிக்கலாம்.

தக்சிகா