படத்தில் ஏந்திய கைகள்

அன்பு மகள் ஹத்தாவுக்கு, வாப்பா பஸ்ஸூ சொல்லச் சொல்ல, கோர்ட்டு வாசலில் மனு எழுதும் ஹம்மூ எழுதுகிற கடிதம். உனக்கும் மருமகனுக்கும் ஸலாம், உன் வயிற்றில் இருப்பதற்கும் சேர்த்துத்தான். நாங்கள் இருவரும் சுகம். வர்ஸாஸாத்தில் குளிர் இறங்கிவிட்டது, மலையில் பனி தெரிகிறது, என் இடது முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. ஃபோனில் சொல்லலாம்தான், ஆனால் பாதியில் உன் உம்மா பிடுங்கிக்கொள்வாள், இது முதலிலிருந்து வரிசையாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

அந்தப் படம் எந்த வருஷம் எடுத்தது என்று கேட்டிருந்தாய். தேதி எனக்குத் தெரியாது. நம் நாட்டு ராஜா கூப்பிட்டு, நம் ஆட்கள் கொடியும் குர்ஆனுமாக லாரி லாரியாய் சஹாராவுக்குப் போன வருஷம். அணைத் தண்ணீர் ஏறி என் பேரீச்சந்தோப்பு முழுகி மூன்றாம் வருஷம். போனவர்கள் திரும்பி வந்து கால் கொப்புளம் ஆறுவதற்குள் இத்தாலிக்காரர்கள் படமெடுக்க வந்து இறங்கிவிட்டார்கள். ஈஸா நபி பிறப்பதற்கும் முந்திய ஒரு ராஜா கதை. ஊரே அதில் நடித்தது. எல்லாம் அந்தக் காலத்தில் இருந்தபடியே இருக்கிறதா என்று பார்க்க ஒரு சரித்திரக்காரரையும் கூட்டி வந்திருந்தார்கள். மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கைக்கடிகாரங்களைக் கழற்ற வைத்தார், அம்மை ஊசித் தழும்பில் சேறு பூச வைத்தார், சுவரோரம் இருந்த சப்பாத்திக்கள்ளியை வெட்டச் சொன்னார், அது கடல் தாண்டிப் பின்னால் வந்த செடியாம். தேநீர்க் கெண்டியைக் கண்ணில் காட்டக் கூடாது, அதுவும் பின்னால் வந்ததாம். உப்பு விற்கிற மோஹா, "அப்போ எங்க பாட்டன் பூட்டனெல்லாம் காலையில எந்திரிச்சு என்னத்தக் குடிச்சாங்க, உன் சரித்திரத்தயா?" என்று கேட்டான். மொழிபெயர்க்க வந்தவன் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

நான் உன் உம்மா இட்டோவைக் கேட்டு இரண்டு தடவை ஆள் அனுப்பியிருந்தேன். உன் பாட்டன் ஸாயித் இரண்டு தடவையும், "தோப்பு தண்ணிக்குள்ள கெடக்கு, என் மக என்ன மீனா, அங்க போய்க் குடும்பம் நடத்த?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த நேரத்தில் படத்துக்கு ஒரு கிராமத்துக் கல்யாணம் வேண்டியிருந்தது. உயரமாக இருக்கிறாள் என்று இட்டோவை மணப்பெண்ணுக்கு எடுத்தார்கள். பெண்ணின் தகப்பனாக நானே உட்காருவேன் என்று ஸாயித் ஒட்டிக்கொண்டார். மாப்பிள்ளை ரோமிலிருந்து வந்த நடிகன் என்றதும் எழுந்துவிட்டார், விளையாட்டுக்குக்கூட அவன் கையில் பெண்ணைக் கொடுக்க மாட்டாராம். டைரக்டர் அலுத்துப்போய் எங்களைச் சுற்றிப் பார்த்தார். எனக்குப் பல் முழுசாக இருந்தது, என்னை இழுத்து உட்கார வைத்தார்கள்.

என்ன பேசுவது என்று கேட்டோம். சத்தத்தைப் பிறகு ரோமில் போட்டுக்கொள்வார்களாம், உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பேசுவதையே பேசுங்கள் என்றார்கள். ஸாயித் என் கையைப் பிடித்து, என் மகள் இட்டோவை உனக்குக் கொடுத்தேன் என்றார். நான் ஏற்றுக்கொண்டேன் என்றேன். அவ்வளவுதான், சுற்றி உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எல்லாருடைய கையும் மேலே வந்துவிட்டது, ஊர் ஆலிம் பாத்திஹா ஓதத் தொடங்கிவிட்டார். சரித்திரக்காரர் "ஜூ! ஜூ!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். அவர்கள் பாஷையில் கீழே என்று அர்த்தம். அந்த ராஜா காலத்தில் யாரும் இப்படிக் கையேந்தவில்லை, தரையைத் தொட வேண்டும் என்று குனிந்து காட்டினார். சரி என்று தலையாட்டினோம். இரண்டாம் தடவையும் கொடுத்தேன் என்ற சொல் காதில் விழுந்ததும் கைகள் தானாக எழுந்தன. கொடுத்தேன் என்று ஒருவன் சொன்ன பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டிருக்க எங்களுக்கு எப்படி வரும்? வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மூன்றாம் தடவை டைரக்டர் கை காட்டுவதற்கு முன்பே ஸாயித் என் பக்கம் திரும்பிக் கொடுத்தேன் என்றார். அது ஏன் என்று நான் கடைசிவரை அவரிடம் கேட்கவில்லை. கைகள் எழுந்தன, டைரக்டர் இருக்கட்டும் விடு என்றார், சரித்திரக்காரர் தொப்பியைத் தரையில் அடித்துவிட்டுப் போய்விட்டார். நான் போட்ட தகர வளையலை உடுப்புக்காரி அன்றைக்கே உன் உம்மாவின் கையிலிருந்து கழற்றிக்கொண்டாள், அந்த விஷயத்தில் உம்மா இன்னும் சமாதானமாகவில்லை.

மறுநாள் தொழுகை முடிந்ததும் ஆலிம் ஸாயித்தை நிறுத்தினார். நிக்காஹை விளையாட்டாகச் சொன்னாலும் அது நிக்காஹ்தான் என்று மார்க்கம் இருக்கிறது, பெண் இப்போது பஸ்ஸூவின் மனைவி என்றார். ஸாயித் பள்ளிவாசல் அதிரக் கத்தினார், "நான் கூலிக்கு உக்காந்தேன்யா, அது படம்!" ஆலிம் அசையவில்லை. "படம்னா இரவல் குடுத்தேன்னு சொல்லியிருக்கணும். நீ குடுத்தேன்னுல்ல சொன்னே, அதுவும் மூணு வாட்டி." கடைசியில் பெண்ணிடம் கேட்பது என்று முடிவாயிற்று. உன் உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, "அந்த மணப்பொண்ணு தலைப்பாரத்த வச்சுக்கிட்டு மூணு வாட்டி வெயில்ல உக்காந்துட்டேன், நாலாவது வாட்டி உக்கார என்னால ஆகாது" என்றாள். அந்த வாரமே ஆடு அறுத்துச் சோறு போட்டோம்.

காகிதம் எழுதி வாங்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஊர்த்தலைவர் ஷேக்கின் வாய்ச்சொல் போதுமாக இருந்தது. இப்போது உன் பிரசவத்துக்கு உம்மா வர விசா கேட்டால் கல்யாணக் காகிதம் எங்கே என்கிறார்கள். நீ அனுப்பிய அந்தப் படத்தின் டிஸ்கை நீதிபதி தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். நல்ல மனிதர், சிரிக்கவில்லை. "பெரியவரே, படத்துல யார் வேணா கையேந்தலாம், பேசுறதும் இத்தாலி பாஷையா இருக்கு. அன்னைக்கு அங்க நின்னு பாத்த ஒருத்தர் வந்து சொல்லட்டும், இல்ல எழுதி முத்திரை வச்சு அனுப்பட்டும்" என்றார். யாரைக் கூட்டிப்போவது? ஸாயித் போனார், ஆலிம் போனார், மோஹா போன ரமலானில் போனான். படத்தில் கையேந்திய வரிசையைக் கம்ப்யூட்டரில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், எல்லாரும் மண்ணுக்குள் இருக்கிறார்கள். உன் உம்மா வெளியே வந்ததும், "பிள்ள பெத்து எந்திரிச்ச பொறவு பாத்துக்கலாம் விடுங்க" என்றாள். வீட்டுக்கு வந்ததும், உனக்கு வாங்கி வைத்த சீரகத்தையும் வெந்தயத்தையும் பெட்டியிலிருந்து எடுத்துப் பழையபடி அலமாரியில் வைத்துவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் உன் கடிதத்தை ஹம்மூ படித்துக் காட்டினான். நீ இருக்கிற லியேஜில் பழைய படம் என்று அதைப் போட்டார்களாம், கல்யாணக் காட்சியில் கூட்டம் சிரித்ததாம், நபிக்கு ஆயிரம் வருஷம் முன்னாலேயே முஸ்லிம்களா என்று ஒருவர் கேட்டாராம். தடி ஊன்றிய ஒரு கிழவர் எழுந்து, அன்றைக்குத் தொண்டை கிழியக் கத்தினேன், அவர்கள் கையை இறக்கவில்லை, அன்றிலிருந்து இந்த அவமானம் என் தலையில் என்று நடுங்கினாராம். நீ வெட்கப்பட்டு எழுந்து வந்துவிட்டாயாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை மகளே. அவர் சொன்னது சரி, அந்த ராஜாவின் ஆட்கள் எங்களைப் போலக் கையேந்தியிருக்க மாட்டார்கள், படம் தப்புத்தான். அந்தத் தப்பைக் கண்ணால் கண்டவர் அவர். எங்கள் கல்யாணத்துக்கு முன்வரிசையில் நின்றவர்.

அரங்கத்துக்காரர்களிடம் கேட்டால் வீடு சொல்வார்கள். மருமகனைக் கூட்டிக்கொண்டு போ, படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள். அந்த மாப்பிள்ளையின் மகள் நான் என்று சொல். திட்டினால் குறுக்கே பேசாதே, அந்தத் திட்டைத்தான் நாம் எழுதி வாங்க வேண்டும். தகப்பன் வாய் அசைந்தது, மாப்பிள்ளை பதில் சொன்னான், கையை இறக்கச் சொல்லியும் ஒருத்தரும் இறக்கவில்லை என்று எழுதி, நம் தூதரகத்தில் முத்திரை வாங்கி அனுப்பு. பாதாம் பூப்பதற்குள் இங்கே வந்து சேர்ந்தால் உன் பிரசவத்துக்கு உம்மா அங்கே இருப்பாள்.

அல்லாஹ் உன்னையும் பிள்ளையையும் இரு உயிராகப் பிரித்துச் சுகமாக வைக்கட்டும். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. மறந்துவிடாதே, வயதானவர், நாளைக்கு என்று தள்ளாமல் இந்த வாரமே போ. நாங்கள் அவரை ஜூ என்றுதான் கூப்பிட்டோம், நீ அப்படிக் கூப்பிட்டு வைக்காதே. சம்பளம் கொடுக்கும்போது அவருடைய பேரை உரக்க வாசிப்பார்கள், எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. எனக்குத் தெரிந்து அன்றைக்கு அங்கே நின்றவர்களில் எங்கள் இருவரைத் தவிர உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான், சின்யோர் அல்தோ மெர்லாத்தி.

உன் வாப்பா
பஸ்ஸூ (கைநாட்டு)