அரைக்கிலோ இறால்

குட்டிம்மாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா?

"ஒரே சட்டி, பத்தே நிமிஷம், இதுகூடவா வராது?" என்று போன கடிதத்தில் எழுதினாயே, அதை நம்பி அரைக்கிலோ இறால் வாங்கினேன். கூட இருக்கும் வெல்டர் அண்ணனையும் சாப்பிடச் சொன்னேன். உரித்து, மசாலா பிரட்டி, அடுப்பில் மூடி வைத்து, அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து திறந்தால் சட்டியில் ஒரு கைப்பிடிதான் கிடக்கிறது!

எனக்கு வந்ததே கோபம். "பாதியை முழுங்கிட்டுப் பூனை மாதிரி நிக்கிறீங்களேண்ணே!" என்று கத்திவிட்டேன்.

"யோவ், வெந்தா சுருங்கும்யா. அடுப்படிப் பக்கமே போனதில்லையா நீ?" என்றவர், வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தார். மூன்று நாளாகப் பேச்சில்லை.

சுருங்கும் என்று ஒரு வார்த்தை எழுதினால் குறைந்தா போவாய்? அடுத்த கடிதத்தில் அவரையும் விசாரித்து இரண்டு வரி எழுது, காட்டிச் சமாதானம் செய்கிறேன். இந்த அறையில் பேச வேறு ஆளில்லை.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அங்கேயும் அரைக்கிலோதானே வாங்கி வருவேன்? என் தட்டிலும் குட்டிம்மா தட்டிலும் குவிந்துதான் கிடக்கும். உன் தட்டில் என்ன இருந்தது?

குட்டிம்மாவின் அப்பா