பழமொழியில் சொன்ன பதில்

வெள்ளையடிக்க ஆள் வந்திருப்பதால் இன்று காலை கூடத்துச் சுவரிலிருந்து அந்தச் சட்டத்தைக் கழற்றினேன். கண்ணாடிக்குள் நீயும் நானும் கான்வென்டில் படிக்கும்போது துணியில் தைத்த ஆங்கிலப் பழமொழி. சிவப்பு நூல் இன்னும் வெளுக்கவில்லை. கடைசிச் சொல் மட்டும் சற்றே சாய்ந்திருக்கும். எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் நீ தைத்துக் கொடுத்தது. அதைப் பிரித்து நேராகத் தைக்கப் பலமுறை ஊசி எடுத்திருக்கிறேன். இப்போது அந்தச் சொல்லின் மேல்தான் விரல் நிற்கிறது.

வாரம் ஒரு பழமொழி மனப்பாடம். எனக்கு உடனே வந்துவிடும். நீயோ, ஒன்று பொறு என்கிறது, இன்னொன்று உடனே செய் என்கிறது, எதைக் கேட்பது என்று பாடம் நடத்தும் கன்னியாஸ்திரீ மதரையே மடக்குவாய்.

பிறகு இருவரும் சாலைக் கடைத்தெருவிலேயே அடுத்தடுத்த வீடுகளில் வாழ்க்கைப்பட்டோம். இரண்டே வருஷத்தில் உன் கணவர் இறந்துபோனார். மதராஸில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்த கடிதத்தோடு நீ என் அடுப்படிக்கு வந்தாய். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"மதராஸுக்குப் போட்டுமா, வேண்டாமாட்டி? நீயே சொல்லு."

துருவலை நிறுத்தாமல், நிதானத்தைப் புகழும் பழமொழி ஒன்றை மதரின் உச்சரிப்பிலேயே சொன்னேன்.

நீ சிரித்தாய். "போன்னு சொல்லதும் அதே புஸ்தகத்துல கெடக்கு, கேட்டியா. மதர விடு. நீ என்ன சொல்லுகே?"

"அனுபவப்பட்டவங்க சொன்னது," என்றேன்.

உன் நன்மைக்காக நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. நீ இல்லாத சாயங்காலங்களுக்குப் பயந்தேன். அதைச் சொல்ல என் கௌரவம் விடவில்லை.

நீ போனாய். உன் கடிதங்களுக்கும் பழமொழிகளையே பதிலாக எழுதினேன். "அதெல்லாம் எனக்கும் தெரியும்டி. இன்னைக்கு என்ன கறி வெச்சே, அத எழுது" என்று கேட்டிருந்தாய். அதற்கு நான் பதில் எழுதுவதற்குள் வார்டில் பரவிய காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. உன் அண்ணன் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது என் கணவரும் இல்லை. போன வாரம் மகள், பம்பாய்க்குக் குடிபோகட்டுமா என்று வந்து நின்றாள். பழமொழி ஒன்று நாக்குநுனி வரை வந்தது.

"போயிட்டு வா மக்ளே. நீ இல்லாம எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்," என்றேன். அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

நீ கேட்டபோது நான் கொடுக்காத பதில் அது. முப்பது வருஷமாக என்னிடமே இருக்கிறது.