மூணு பேருக்கு ரெண்டு சீட்டு

அக்கா, சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. கார் சாவி பக்கத்தில்.

"மூணு பேர் இருக்கிற வீட்டுக்கு ரெண்டு சீட்டு காரா? அதுவும் பழசு! படிப்போட மூளையையும் விட்டுட்டியாடா?" என்று நேற்று கேட்டாய். கதவை அறைந்து சாத்தினேன்.

இன்று காலை நைட் ஷிப்ட் முடிந்து, காரின் கூரையைத் திறந்துவிட்டு ஓட்டி வந்தேன். தினமும் தலைகுனிந்து நடந்து வரும் அதே தெருதான். தலைக்கு மேல் அவ்வளவு வானம் இருப்பது இத்தனை நாள் தெரியவில்லை. சிக்னலில் பச்சை விளக்கு விழுந்தும் அண்ணாந்தபடி நின்றுவிட்டேன். பின்னால் பால் வண்டிக்காரர், "மேல என்ன விக்கிறாங்க, ராசா?" என்று கத்தினார்.

படுக்கையிலிருந்து அம்மா ஜன்னலளவு வானம்தான் பார்க்கிறாள். நாளை விடிந்ததும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து நீ ஓட்டு. நான் ஷிப்ட் முடிந்து நடந்தே வருகிறேன். ரெண்டு சீட்டு சரியாக இருக்கும்.

பி.கு.: கூரையை மூடுவது எப்படி என்று விற்றவரிடம் கேட்க மறந்துவிட்டேன். இப்போதைக்குத் தார்ப்பாய் போட்டிருக்கிறேன். குடை எடுத்துக்கொள்.