செகண்ட்ஸ் கப்பில் ஐஸ் காப்பி

2008

ஏப்ரல் 17, வியாழன்

திருச்சூர் லோடு ஏறியாச்சு. முழுக்கப் பீங்கான் பொம்மை. வைக்கோல் பத்தாது என்று கடையில் மூட்டை கட்டுகிற வீராயியிடம் சொன்னேன். "பத்தும்க்கா, நீ உள்ள போ" என்றாள். அவள் கட்டின மூட்டையில் இதுவரை ஒன்று உடைந்ததில்லை. அதனால் உள்ளே போய்விட்டேன்.

காலை ரயிலில் அவர் வந்து சேர்ந்தார். பேரன் பிறந்ததிலிருந்து பெங்களூரில் மகன் பழமலை வீட்டில்தான் இருந்தார். முகத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. பையைப் பிரித்தால் எனக்கு ஒரு சேலை, மைசூர்பாக்கு, அப்புறம் ஒரு அலுமினியச் செம்பு. எட்டுப் பட்டை, கறுப்புக் கைப்பிடி, நடுவில் திருகினால் இரண்டாகக் கழல்கிறது.

"என்னங்க இது?"

"காப்பி போடறது."

"வூட்ல ஃபில்டர் இருக்குதே?"

"இது வேற."

அதோடு சரி. முப்பது வருசம் சர்க்கரை ஆலை ஆபீஸில் இருந்தவர். தண்ணீர்கூட நான் மொண்டு கொடுத்துத்தான் குடிப்பார். இவர் காப்பி போடப் போகிறாரா?

ஏப்ரல் 19, சனி

போட்டார்.

கீழ்ச் செம்பில் தண்ணீர், நடுவில் ஒரு சல்லடைக் கிண்ணி, அதில் தூள். அடுப்பில் வைத்தால் தண்ணீர் கீழேயிருந்து ஏறி மேல் செம்பில் வந்து விழுகிறது. எஸ்பிரஸ்ஸோவாம். பழமலையின் சிநேகிதன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து கொடுத்தானாம். அந்தக் கறுப்புக் கசாயத்தைச் சக்கரையோடு கலக்கி, ஃப்ரீசரில் வைத்திருந்த கப்பில் ஐஸ்கட்டி போட்டு, அதன் தலையில் ஊற்றி, மேலே பச்சைப் பால். இரண்டு கப்பு.

மத்தியானம் எதையோ எடுக்க வீட்டுக்கு வந்தவள் மாட்டிக்கொண்டேன். நின்றபடியே ஒரு வாய் குடித்தேன். பல் கூசியது. சுடாத காப்பியை எந்த ஊரில் காப்பி என்பார்கள்? "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினேன். பொய்தான். வியாபாரத்தில் எத்தனையோ சொல்கிறோம்.

ஏப்ரல் 23, புதன்

இன்றைக்கும் ஐஸ் தட்டு நிறைய அவருடைய தண்ணீர். மோர் வைக்க இடமில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது. பழமலை போனில் சொன்னான். ஜூலையில் மருமகள் வாசுகிக்கு லீவு முடிகிறதாம், மறுபடி வேலைக்குப் போகணும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

"அப்பா இங்கயே வந்து இருந்துடட்டும்மா. அவருக்கும் இங்க புடிச்சிருக்குது. அங்க பகலெல்லாம் தனியாத்தான கெடக்கறாரு?"

"அப்பா என்னடா சொன்னாரு?"

"ஜூன் கடைசிக்குள்ள சொல்றேன்னாரு. ஒங்கிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. வந்து பத்து நாளாச்சு, ஒரு வார்த்தை இல்லை. நான் கடையை விட்டு எங்கேயும் போக முடியாது என்பது அவனுக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். அப்படியானால் இவர் மட்டும் போகிறாரா? போய் அங்கேயே இருந்துவிடுகிறாரா?

இப்போது புரிகிற மாதிரி இருக்கிறது. அங்கே பழகின காப்பி. அதை விட முடியாமல்தான் இங்கேயும் போடுகிறார். மனசு அங்கே இருக்கிறது.

கேட்கவில்லை. அவராகச் சொல்லட்டும்.

மே 3, சனி

செம்பைக் கழுவிக்கொண்டே அவராகப் பேசினார். "அங்க வந்த ருசி இங்க வரல நாயகி. ஒரு வாடை அடிக்குது."

இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? கடைக்கு வருகிறவன் ஜாடியைத் தூக்கிப் பார்த்து, "சேலத்துல வேற மாதிரி இருக்குது" என்றால், விலையைக் குறை என்று அர்த்தம். எனக்கு அது தெரியும். இவர் சொல்வதற்கு என்ன அர்த்தம்?

மே 6, செவ்வாய்

பாக்கெட் பாலை நிறுத்திவிட்டேன். தெருக்கோடியில் கறக்கிற பால்தான் இனிமேல். காய்ச்சி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். வாடை என்றால் பாலில்தான் இருக்கும்.

மே 9, வெள்ளி

பால் இல்லையாம். அப்படியானால் தண்ணீர். நம் போர் தண்ணீர் உப்பு, பருப்பே வேகாது. கேன் தண்ணீர் சொல்லிவிட்டேன். ஐஸும் அதிலேயே.

ஏன் இத்தனை பாடுபடுகிறேன்? ருசி வந்துவிட்டால் போக மாட்டார் என்று ஒரு கணக்கு. சரியான கணக்கா என்று தெரியவில்லை.

மே 14, புதன்

கேன் தண்ணீரும் இல்லை. இன்றைக்கு மூன்று மணி நேரம் கரண்டு போனது, ஐஸே கட்டவில்லை. ஐஸ் ஃபேக்டரிக்குச் சைக்கிளில் கிளம்பிவிட்டார். அது மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸ் என்று சொல்லித் தடுத்து உட்கார வைத்தேன்.

வீராயி கடை முழுக்கச் சிரிக்கிறாள். "அய்யா போம்போது நம்மூரு ஆளு, வரும்போது பேங்களூரு மாப்ள. அக்கா, நீதான் இனிமே ஜீன்ஸு போடணும்." மூட்டையைக் கட்டுடி என்றேன். சிரிப்பு எனக்கும் வந்தது. அப்புறம் வரவில்லை.

மே 16, வெள்ளி

சாயங்காலம் ஃப்ரிட்ஜைத் திறந்தால் தினமும் ஒரு கப்பு நிறைய இருக்கிறது. ஐஸ் கரைந்து, பால் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். "குடிக்க மாட்டாம ஏன் இவ்வளவு போடறீங்க?" என்றேன். "அந்தச் செம்புக்கு அளவு ரெண்டு பேருக்கு" என்றார். பாதித் தூள் போட்டால் ஆகாதா? செம்பரத்திச் செடிக்கு ஊற்றினேன்.

மே 20, செவ்வாய்

சண்ட. எழுதவே கை ஓடல.

புதுப்பொடி வரவழைச்சேன், கும்பகோணத்துலேர்ந்து, தெரிஞ்ச லாரிக்காரர் கிட்ட சொல்லி. அத பிரிச்சி நீட்டறேன், மொகத்த சுளிக்கிறாரு. பொடி காரணம் இல்லன்னு. எனக்கு வந்துதே ஆத்திரம். "ஒங்களுக்கு இந்த வூடே ஆவல, அத காப்பி மேல போட்டுச் சொல்றீங்க. போறதுன்னா போங்க. எதுக்கு இந்த நாடகம்?"

அவரு கத்தல. அவருக்குக் கத்தத் தெரியாது. "நீ ஒரு நாளாவது ஒக்காந்து குடிச்சியா நாயகி? நின்னமேனிக்கே ஊத்திக்கிட்டு ஓடற. அங்க மருமவ கொழந்தய தூங்க வச்சிட்டு பால்கனியில வந்து ஒக்காரும். ரெண்டு பேரும் குடிப்போம்."

ஒக்காந்து குடிச்சா ருசி மாறுமா? நான் வாடையப் பத்திக் கேக்கறேன், இவரு நாற்காலியப் பத்திச் சொல்றாரு. ஒண்ணும் புரியல. வெங்காயத்த அரிஞ்சி வச்சிட்டு சமைக்காம வந்துட்டேன். ரெண்டு பேரும் பழைய சோறு.

எதிர்ல நிக்கிறவன் வாய தொறக்கறதுக்கு முன்னாடியே எவ்வளவுக்கு எறங்குவான்னு எனக்குத் தெரியும். இந்த ஒரு ஆள மட்டும் ஏன் கணிக்க முடியல?

மே 21, புதன்

இன்றைக்குக் காப்பி போடவில்லை. செம்பு அலமாரியில் கவிழ்ந்து கிடக்கிறது.

மே 25, ஞாயிறு

பெண்ணாடத்தில் பழைய ஆபீஸ் சிநேகிதர் கோவிந்தசாமி வீட்டுக் காதுகுத்து. அவர் காலையிலேயே கிளம்பிவிட்டார். ஞாயிறு, கடை மதியத்தோடு மூடல். வீட்டில் நான் மட்டும்.

என்ன தோன்றியதோ, அந்தச் செம்பை எடுத்தேன். அவர் செய்கிற மாதிரியே செய்து பார்ப்போம், எங்கே தப்பு என்று தெரிந்துவிடும். கீழே தண்ணீர், நடுவில் தூள், திருகி இறுக்கி அடுப்பில் வைத்தேன். கப்பை முதலிலேயே ஃப்ரீசரில் போட்டிருந்தேன். எடுத்து ஐஸ் போட்டு, கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன்.

டிக்.

கொஞ்சம் விட்டு, டிக், டிக்.

எனக்குத் தெரிந்த சத்தம். சூளை ஆறுவதற்குள் அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே சாமான் எல்லாம் இப்படித்தான் பேசும். மேலே பூசின கண்ணாடிப் பூச்சு, கிளேஸ், வெடிக்கிற சத்தம். பாதி லோடு செகண்ட்ஸ் என்று கழிசலுக்குப் போகிற சத்தம்.

கப்பைக் காலி பண்ணி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். உள்பக்கம் முழுக்க மயிரிழை மயிரிழையாகப் பழுப்புக் கோடு. மூக்கருகில் வைத்தேன். பழைய பால் வாடை. கொல்லைக்குக் கொண்டு போய்க் கருங்கல்லில் ஒரு தட்டு. உடைந்த ஓட்டின் உள்ளே மண் வெள்ளையாக இல்லை. ஊறிப்போய் டீ கலரில் இருந்தது.

கப்பு!

பாலைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்த்தேன், கும்பகோணம் வரைக்கும் பார்த்தேன். பீங்கான் வியாபாரி, கப்பைப் பார்க்கவில்லை. நம் சரக்கைக் குறை சொல்ல எனக்கே மனசு வராதே. கோணக்காது, பொத்தல் கிளேஸ், விற்காத கப்பெல்லாம் வீட்டுக்கு, நல்லதெல்லாம் கடைக்கு. ஜங்ஷன் பிளாட்பாரத்தில் கூடையில் பொம்மை விற்ற நாளிலேயே நான் போட்ட சட்டம் இது. ஒரு கப்பாவது ஃபர்ஸ்ட்டில் குடித்ததில்லை, அவரும் கேட்டதில்லை. சூடு மட்டும் ஊற்றினவரை அந்தக் கப்பெல்லாம் தாங்கியது. குளிரில் வைத்துச் சுடச்சுட ஊற்றினால் எந்தச் செகண்ட்ஸ் தாங்கும்? கிளேஸ் விரிசல் விட்டு, பால் உள்ளே இறங்கி, அங்கேயே கெட்டு.

பெங்களூரில் கண்ணாடி கிளாஸில் குடித்திருப்பார். கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

மே 26, திங்கள்

புதுச்சேரி ஓட்டலுக்குப் போக வேண்டிய பெட்டியிலிருந்து இரண்டு கப்பு எடுத்தேன். ஃபர்ஸ்ட். விரலால் சுண்டினால் மணி மாதிரி ஒலிக்கிறது. வீராயி பார்த்துக்கொண்டே இருந்தாள். "யாருக்குக்கா?" "வூட்டுக்கு." ஒரு கேலியும் பண்ணவில்லை. தாளில் சுற்றிக் கொடுத்தாள்.

"கப்ப ஃப்ரீசர்ல வக்காதீங்க, காப்பிய ஆறவிட்டு ஊத்துங்க" என்று அவரிடம் கொடுத்தேன். உடைந்த ஓட்டையும் காட்டினேன். வாங்கி முகர்ந்து பார்த்தார். "ஒன் சரக்கா?" என்றார். என் சரக்குதான் என்றேன். முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போன மாதிரி இருந்தது.

குடித்தார். வாடை போயிடுச்சு என்றார்.

அவ்வளவுதானா? இங்கேயே இருக்கிறேன் என்று சொல்வார் என்று நின்றேன். கப்பைக் கழுவி வைத்துவிட்டுப் பேப்பர் எடுத்துக்கொண்டார். ருசிதான் வந்துவிட்டதே, அப்புறம் என்ன? நான் எதைத்தான் சரிபண்ணினேன்?

ஜூன் 4, புதன்

பழமலை மறுபடி போன். டிக்கெட் போடட்டுமா என்கிறான். அப்பாவைக் கேளு என்றேன். அப்பா அம்மாவைக் கேளு என்றாராம்.

ஜூன் 11, புதன்

மத்தியானம் வெயிலில் ஒரு வியாபாரமும் இல்லை. வீராயியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். எதையும் எடுக்க வரவில்லை, சும்மா வந்தேன். அவர் இரண்டு கப்பையும் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஒன்று எதிர் நாற்காலிக்கு முன்னால். அந்த நாற்காலியில் ஆள் இல்லை. அதிலும் ஐஸ் இருந்தது, கரையாமல்.

உட்கார்ந்தேன். குடித்தேன். முதல் வாய் கசப்பு, அப்புறம் பால் குளிர்ச்சியாக இறங்குகிறது. கெட்டதாக இல்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை. கடைப் பேச்சு ஒன்றை எடுத்தேன், அவர் கேட்டுக்கொண்டார். பெண்ணாடத்துக் காதுகுத்தில் மொட்டைத் தலையோடு பிள்ளை ஓடிப் போய் மாட்டுக் கொட்டகையில் ஒளிந்ததைச் சொன்னார். சிரித்தோம். எப்போது வைத்த காதுகுத்து, இப்போதுதான் சொல்கிறார். இப்போதுதான் கேட்கிறேன்.

எழுந்திருக்கும்போது, "என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?" என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "போவாதீங்க" என்று வந்துவிட்டது.

அவர் ஐஸைக் கலக்கிக்கொண்டே இருந்தார். கடைக்குத் திரும்பி வந்து ஒரு ஜாடிக்குத் தப்பான விலை சொன்னேன். அதுவும் நஷ்டத்துக்கு.

ஜூன் 13, வெள்ளி

இன்னும் பதில் இல்லை. கேட்டிருக்கக் கூடாதோ? பேரப்பிள்ளையை விட்டு என்னைப் பார் என்று சொன்னது மாதிரி ஆகிவிட்டதோ? பழமலை என்ன நினைப்பான்?

ஜூன் 15, ஞாயிறு

எனக்கு எதிரிலேயே போன் போட்டார். "மாசத்துல ஒரு வாரம் நான் வந்து பாத்துக்கறேன்டா. மிச்ச நாளைக்கு அந்த மாடி வூட்டம்மா பாத்துக்கறேன்னு சொன்னாங்களே, அவங்களையே வச்சிக்கங்க. இல்ல, ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. இங்க வேலை இருக்குது."

என்ன வேலை? ரிடையர் ஆன மனுசனுக்கு இங்கே என்ன வேலை? அந்தப் பக்கம் பழமலையும் அதையேதான் கேட்டிருக்க வேண்டும். இவர் சொன்னார்: "ஐஸ் வக்கணும்டா."

ஜூலை 8, செவ்வாய்

மங்கலம்பேட்டை பாய் சாயங்காலம் வந்து சண்டை பிடித்தார். துபாயிலிருந்து வந்திருக்கும் தம்பிக்கு டின்னர் செட் காட்ட மத்தியானம் கூட்டி வந்தாராம். ஷட்டர் இறக்கிக் கிடந்ததாம்.

"இருவது வருசமா வரேன், பகல்ல பூட்டி நான் பாத்ததே இல்லயேம்மா. ஒடம்பு சரியில்லயா?"

"நல்லாத்தான் இருக்கேன் பாய். அந்நேரத்துக்கு வூட்டுக்குக் காப்பி குடிக்கப் போயிடறேன்."

"காப்பிக்கா கடைய மூடுவாங்க? எதிர்லதான் டீக்கடை. ஒரு சத்தம் குடுத்தா கொண்டாந்து வக்கிறான்."

"அது சுடுமே" என்றேன்.