மூன்றாவது அடுக்கு

9 ஜனவரி 2025, வியாழன்

ரோசா சிஸ்டர் 28-ஆம் தேதி கிளம்புகிறார். தன் சின்ன பிரசவ ஆஸ்பத்திரியின் வாசலில் உட்கார்ந்து அவரே சொன்னார். "முட்டி ஒத்துக்கல சார். தங்கச்சி வூட்டுக்கே போய்டறேன்." தங்கை இருப்பது அமெரிக்காவில். 1983-இல் அங்கிருந்து நர்ஸாக இந்த மலைக்கு வந்தவர். இப்போது அவர் பேசுவது முழுக்க ஜமுனாமரத்தூர்த் தமிழ்.

இன்னும் பத்தொன்பது நாள். சொல்வேனா?

11 ஜனவரி, சனி

இங்காவது ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

1998 ஆகஸ்ட். நான் போளூர் நிருபர். இங்கே பிறந்து நான்கு நாளான குழந்தை ஒன்று இறந்தது. நர்ஸ் போட்ட ஊசியால் இறந்ததாக எழுதினேன். குழந்தையின் சித்தப்பா சொன்னது மட்டுமே ஆதாரம். சிஸ்டரைக் கேட்கவில்லை; கடைசி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் பார்த்தேன். குழந்தையைக் கொண்டுவந்தபோதே உயிர் இல்லை. ஊசியே போடவில்லை.

திருத்தம் எழுதிக் கொடுத்தேன். "ஆறிப்போன விஷயம், விடுப்பா" என்றார் ஆசிரியர். விட்டேன். ஒரு வருடத்துக்கு ஒருத்திகூடப் பிரசவத்துக்கு சிஸ்டரிடம் போகவில்லை.

செய்தியில் என் பெயர் இல்லை. 'நமது நிருபர்' மட்டும். ஓய்வு பெற்று இங்கே குடிவந்து ஆறு வருடமாக அவரோடு டீ குடிக்கிறேன். அவருக்குத் தெரியாது.

16 ஜனவரி, வியாழன்

போகும்முன் என்ன சாப்பிட ஆசை என்று கேட்டேன். களியோ சாமைச் சோறோ சொல்வார் என்று நினைத்தேன்.

"எங்கம்மா கிறிஸ்துமஸுக்கு ஒரு பிஸ்கட் செய்வாங்க சார். பச்ச, வெள்ள, செவப்பு, மூணு அடுக்கு. நடுவுல ஜாம், மேல சாக்லேட். அத்த தின்னு நாப்பது வருசம் ஆச்சி."

அவர் பெற்றோர் இத்தாலிக்காரர்கள். கப்பலேறி அமெரிக்கா போன இத்தாலியர்கள் தங்கள் கொடியின் நிறத்தில் செய்யத் தொடங்கிய பண்டமாம். செய்முறையைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். படித்துக்காட்டிச் சரிபார்த்தேன். பிஸ்கட்டுக்கு இவ்வளவு கவனம்!

20 ஜனவரி, திங்கள்

என் வீட்டில் ஓவன் கிடையாது. அடிகனமான பாத்திரத்தில் மணல் பரப்பி, சூடேற்றி, உள்ளே தட்டு வைத்து மூடினேன். பாதாமை ஊறவைத்துத் தோலுரித்து சர்க்கரையோடு அரைத்ததுவரை சரி. முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடிக்கவில்லை. விறைத்துப்போய் வந்தது.

பக்கத்து வீட்டு பச்சையம்மா ஒரு துண்டை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். "இன்னா சார் இது? இத்த வெச்சி கூரை மேயலாம் போலக்கீது."

22 ஜனவரி, புதன்

இரண்டாம் முயற்சி. வெந்தது. சிஸ்டரைப் பார்த்தேன். சொல்லவில்லை.

25 ஜனவரி, சனி

மாவை மூன்று கிண்ணத்தில் பிரித்தேன். பச்சையும் வெள்ளையும் வெந்து இறங்கின. சாக்லேட் வாங்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மூன்றாவதில் சிவப்பு கலந்து வேகவைக்கச் சொல்லி பச்சையம்மாவை விட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனேன். ஒரு மணி நேரம். திரும்பி வந்தால் மூன்றாவது அடுக்கு காவி நிறம்.

"கேசரிப் பவுடர் போட்டேன் சார். நாளைக்குக் கொடியேத்தறாங்க இல்ல? பச்ச, வெள்ளன்னா அடுத்து காவிதானே. நீங்க செவப்புன்னு தப்பா சொல்ட்டீங்க. நான் திருத்திட்டேன்."

பாதாம் தீர்ந்துவிட்டது. என்ன செய்ய? ஜாம் தடவி அடுக்கினேன். அடுக்குகள் ஒட்ட ராத்திரி முழுக்க மேலே கனம் இருக்க வேண்டும். என் பழைய செய்திக் கோப்புகளை எடுத்து வைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே 1998. கனத்துக்காக மட்டும் வைத்தேன் என்று எழுதினால் பொய்.

26 ஜனவரி, ஞாயிறு

மாலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் வழியனுப்பு. மேலே பூசிய சாக்லேட்டில் உள்நிறம் தெரியவில்லை. சிஸ்டர் கத்தியை இறக்கி ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார் – கண்ணில் தண்ணீர் வரும்வரை.

"அய்ய! கொடியேத்திட்டீங்களா சார்!"

"சார்தான் தப்பா சொன்னாரு சிஸ்டர். நான் திருத்துனேன்."

"நல்லா திருத்துன போ, பச்சம்மா."

மூன்று துண்டு சாப்பிட்டார். ருசி அதே என்றார். அந்தச் சிரிப்பின் நடுவில் என்னால் வாய் திறக்க முடியவில்லை. தப்பு என்று பட்டதும் பச்சையம்மா உடனே திருத்திவிட்டாள், அது தப்பே இல்லை என்றாலும். நான்? இருபத்தாறு வருடம்.

27 ஜனவரி, திங்கள்

சொன்னேன்.

செய்தித் துண்டைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு முழுதும் படித்தார்.

"நீங்களா?"

"நான்தான் சிஸ்டர். திருத்தமும் எழுதினேன். பேப்பர்ல போடல."

கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பிறகு, "அந்த வருசம் மாதையன் பொண்டாட்டி அமுதவல்லி வூட்லயே பெத்தா. ரத்தம் நிக்காமயே செத்தா. அரமணி நேர நடைதான். என்கிட்ட கூட்டியாரல."

எனக்கு அது தெரியாது. ஒரு வருடம் என்று எழுதினேனே, அந்த ஒரு வருடத்தில் என்ன நடந்தது என்று விசாரித்தேனா? இல்லை.

"போங்க சார். துணி மடிக்கணும்."

28 ஜனவரி, செவ்வாய்

காலை ஆறு நாற்பது, போளூர் பஸ். தள்ளியே நின்றேன். ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார்.

"திருத்தம் எழுதுனேன்னீங்களே. அது இருக்குதா?"

"இருக்கு."

"பேப்பர்ல யாரும் பாக்கமாட்டாங்க. இங்க, ஆஸ்பத்திரிக் கதவுல ஒட்டுங்க. பேரு போட்டு."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மடியில் பிஸ்கட் டப்பா இருந்தது. பஸ் வளைவில் திரும்பி மறைந்தது.

29 ஜனவரி, புதன்

பழைய திருத்தத்தில் ஐந்து வரி. அமுதவல்லிக்காக இன்னும் இரண்டு வரி சேர்த்தேன். பெரிய எழுத்தில் எழுதி, கதவில் ஒட்டினேன்.

பத்து மணிக்கு மாதையன் அந்த வழியாக வந்தார். தலையில் புளி மூட்டை. படிக்கத் தெரியாதவர்.

"இன்னா சார் ஒட்டிக்கீது? படிங்க."

படித்தேன். மனைவியின் பெயர் வந்ததும் மூட்டையை இறக்கி வைத்தார். நிறுத்தாமல் கடைசி வரி வரை படித்தேன்: 'இப்படிக்கு, ராஜாக்கண்ணு, நிருபர்.'

இந்த ஊரில் எல்லோருக்கும் நான் ரிப்போர்ட்டர் சார்தான்.

"யாரு சார் அது, ராஜாக்கண்ணு?"

"நான்தான்" என்றேன்.