மதகுக் காவலர் சொன்ன 'பார்க்கலாம்'

பேர்லேண்ட்,
மார்ச் 3

அன்புள்ள மாப்பிள்ளை முகுந்துக்கு, மாமா வாஞ்சிநாதன் எழுதுவது.

இங்கே நானும் உங்கள் மாமியார் பர்வதமும் சௌக்கியம், என் இடது முழங்காலைத் தவிர. சான் ரமோனில் நீங்களும் ரக்ஷாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று எழுத ஆசைதான். ஆனால் ஏப்ரலில் வெளியிட வேண்டிய உங்கள் கம்ப்யூட்டர் கேமை மூடிவைத்துவிட்டுப் பழைய ஆபீஸுக்கே திரும்பப் போகிறீர்கள் என்று ரக்ஷா போனில் அழுதாள். முடிவெடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். போனில் பேசினால் என் குரல் தானாக உயர்ந்துவிடும், அதனால்தான் கடிதம்.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு நான் கார் ஓட்டக் கூடாதாம். இந்த ஊரில் கார் இல்லையென்றால் வீட்டுச் சிறைதான். பர்வதம் மீனாட்சி கோயிலுக்குக் கிளம்பிவிடுவாள், நான் சோபாவில். என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த ரக்ஷா, சும்மா ட்ரை பண்ணிப் பாருங்கப்பா என்று உங்கள் கேமை என் லாப்டாப்பில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். மூன்று வாரம் விளையாடி நேற்று முடித்தேன். ஆமாம், நானேதான்.

முப்பது வருஷம் ஹூஸ்டனில் பைப்லைன் இன்ஸ்பெக்ஷன் பார்த்தவன், எனக்குக் குறையிலிருந்துதான் ஆரம்பிக்க வரும். வெள்ளத்தில் மூழ்கிய ஊரில் தம்பியைத் தேடிப் போகிறாளே உங்கள் தென்றல், அவள் துடுப்பை ஓங்குவதற்குள் வௌவால்கள் கடித்துவிட்டுப் போய்விடுகின்றன. அநியாயம். நண்டு ராஜாவிடம் பதினேழு தடவை செத்தேன். செத்தால் பரவாயில்லை, ஒவ்வொரு தடவையும் கடைத்தெரு முழுக்க மறுபடி நடக்க வேண்டியிருக்கிறது. சேவ் பண்ணும் விளக்குத்தூணை அவன் வாசலுக்குப் பக்கத்தில் நட்டால் என்ன குறைந்துபோகும்? பூட்டிய கதவுகளுக்கு மேப்பில் குறியே இல்லை. நானே கிராஃப் நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன், இத்துடன் அனுப்புகிறேன். மீன் சந்தைக்கு அப்புறம் கதை நகரவே இல்லை, அதே மூன்று பூச்சிகளை அடித்துக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக்கு நீங்கள் வந்தபோது, படமெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கிறதே, வேலையை விட்டுவிட்டு இதையா செய்கிறீர்கள் என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். தென்றலின் முகம் மொத்தமே பத்துப் பன்னிரண்டு கட்டம். தம்பியின் செருப்பு தண்ணீரில் மிதந்து வரும்போது அந்த முகத்தில் ஒரே ஒரு கட்டம் நிறம் மாறுகிறது. நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டுதான் மேலே ஆட முடிந்தது.

அப்புறம் அந்த மதகுக் காவலர். தென்றல் கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்கிறாள். அவர் 'பார்க்கலாம்' என்கிறார். சரி, திறக்கப்போகிறார் என்று இருபது நிமிஷம் காத்திருந்தேன். கோயிலிலிருந்து வந்த பர்வதம் எட்டிப் பார்த்துவிட்டு, நம் வீட்டில் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம், இது உங்களுக்கு மட்டும்தான் தெரியாது என்றாள். அதற்குப் பிறகுதான் அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கவனித்தேன். என்னுடையதேதான்.

கோபத்தில் ஒரு நாள் முழுக்க லாப்டாப்பைத் தொடவில்லை. மறுநாள் மறுபடி ஆடினேன், தென்றல் கிணற்று வழியாகச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். அவரோ யாரும் வராத கதவுக்குக் கடைசிவரை காவல் நிற்கிறார். வேலையை விடும் முன் நீங்கள் என் அபிப்பிராயம் கேட்டீர்கள். பார்க்கலாம் என்றேன். கேமை ஒரு தடவை ஆடிப் பாருங்கள் மாமா என்றீர்கள். அதற்கும் அதேதான் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, மாப்பிள்ளை.

இதை மூடிவைக்காதீர்கள். வௌவாலும் விளக்குத்தூணும் ஐந்து வாரத்தில் சரிசெய்யக்கூடிய விஷயங்கள். அந்த ஒரு கட்டம் நிறம் மாறுகிறதே, அது எல்லாருக்கும் வராது. இன்னொன்று, உரிமையோடு கேட்கிறேன். தென்றல் தம்பியோடு திரும்பி வரும்போது அந்தக் காவலர் ஒரே ஒரு தரம் கதவைத் திறக்கட்டும். திறக்க அவருக்கும் ஆசை இருக்கும்.

வெளியீட்டு நாளுக்கு எங்களை வரச் சொல்லி நீங்கள் கேட்டபோது நான் சொன்ன பதில் நினைவிருக்கும். அதை அடித்துவிடுங்கள். விமானத்தில் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீங்களும் ரக்ஷாவும் நினைத்ததெல்லாம் கைகூடி, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

வருகிறோம்.

ஆசீர்வாதங்களுடன்,
உங்கள் மாமா
வாஞ்சிநாதன்